எடைமேடைக்காரியின் வாக்கியம்

லாரி மேடையில் ஏறி நிற்கும். ஓட்டுநர் இறங்கி வருவார். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு ஓரிடத்தில் நிற்கும். அவள் எண்ணைச் சொல்லிச் சீட்டை நீட்டுவாள். பழைய இரும்பு வாங்கும் கிடங்கின் வாசலில், ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் மட்டுமே கொள்ளும் அறை. கல்யாணமான வருடத்திலிருந்து அந்தச் சன்னலுக்குப் பின்னால்தான் இருக்கிறாள். கிடங்கில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. எடைமேடைக்கு இன்னைக்குக் காய்ச்சல், எடைமேடை சாப்பிடப் போயிருக்கு என்பார்கள்.

இரும்பு விற்க வருகிறவர்களுக்கு எடை எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

"நல்லா பாருக்கா. போன வாரம் இதே சரக்கு, எவ்வளவு வந்துச்சு தெரியுமா?"

"போன வாரம் உங்க கிளீனர் வண்டி சீட்டுக்குப் பின்னால படுத்திருந்தாரு. இன்னைக்கு டீ குடிக்கப் போயிட்டாரு."

"அவன் என்ன யானையா?"

"சொன்னது சொன்னதுதான். வண்டியை எடுங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயராது. கோபமும் இருக்காது. ஒரு கதவைச் சாத்துகிற மாதிரி சொல்வாள். ஓட்டுநர்கள் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவார்கள்.

தொலைக்காட்சியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்த பிறகு கிடங்கின் பேச்சே மாறிவிட்டது. மூன்று பேர் கொண்ட குடும்பங்கள் வந்து கேள்விக்குப் பதில் சொல்லும் போட்டி. பதில் சொன்னதும் தொகுப்பாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உறுதியா? மூணு மடங்கு உறுதியா?" என்பார். போட்டியாளர் நெஞ்சில் குத்திக்கொண்டு, "உயிரே போனாலும் உறுதி!" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் பதில் செல்லும். தப்பாகிவிட்டால், "அடடா, அடுப்பு அணைஞ்சு போச்சே!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொள்வார். அரங்கமே தலையில் கை வைத்துக்கொள்ளும். வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தெரியாத கேள்வி வந்தால், "எனக்குள்ள ஒரு குரல் சொல்லுது அண்ணா" என்பார்கள். தோற்றுப் போனால், "இது போட்டி இல்ல அண்ணா, ஒரு பயணம்" என்று அழுவார்கள்.

கிடங்கில் அவள் எண்ணைச் சொன்னதும் ஓட்டுநர்கள் கேட்டார்கள்: "உறுதியா? மூணு மடங்கு உறுதியா அக்கா?" ஒருவர் விடாமல் எல்லோரும் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்குத்தான் அது முதலில் தோன்றியதுபோலச் சிரித்தார்கள். பல் பிடுங்கப் போனாள். மருத்துவர் குறடைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தப் பல்தானே? உறுதியா?" என்றார். வாயைத் திறந்து வைத்திருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வீட்டில், மின்விசிறி பழுது பார்க்கும் கணவரிடம், "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்டாள்.

"உயிரே போனாலும் போடு."

"எழுந்து நீங்களே போட்டுக்குங்க" என்று கரண்டியை வைத்துவிட்டாள்.

நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்தது நாத்தனார். கணவரின் தங்கை, மாடி அறையில் இருப்பவள். சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறாள். வண்டியின் சொந்தக்காரருக்கு மச்சான் வீட்டு விசேஷம் என்றாலும் வண்டி வேண்டும், மனைவியோடு சண்டை என்றாலும் வேண்டும். வாசலில் வந்து நின்று கையை நீட்டினால் நாத்தனார் சாவியைக் கொடுத்துவிட்டு அன்று முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். அந்த நிகழ்ச்சியின் பெரிய பரிசு ஒரு புதிய சரக்கு வண்டி.

"நீங்கதான் தலைவி அண்ணி. உங்களுக்குத்தான் குரல் கணீர்னு இருக்கு."

"என்னைக் கத்தச் சொல்லக் கூடாது."

"அதெல்லாம் அங்க போனா தானா வந்துடும்."

தானாக வரவில்லை. முதல் சுற்றுகளைக் கணவரும் நாத்தனாரும் கத்திக் கத்தித் தாண்டினார்கள். கடைசிக் கேள்விக்குத் தலைவிதான் பதில் சொல்ல வேண்டும். ஒட்டகத்தின் ஒரு கண்ணுக்கு எத்தனை இமைகள்? பல் மருத்துவரின் வரவேற்பறையில் கிடந்த பழைய பத்திரிகையில் அவள் அதைப் படித்திருந்தாள்.

"மூணு."

"மூணா? உறுதியா? மூணு மடங்கு உறுதியா?"

"மூணை மூணு மடங்காக்கினா ஒன்பதாயிடும். ஒட்டகத்துக்கு மூணுதான்."

அரங்கம் சிரித்தது. தொகுப்பாளரும் சிரித்துக்கொண்டே மைக்கை அவள் வாய்க்கு அருகில் கொண்டு வந்தார். "அப்போ சொல்லுங்கம்மா. உயிரே போனாலும்..."

"ஒட்டகத்தோட இமைக்கு நான் ஏன் சார் உயிரை விடணும்?"

"அது விதிம்மா. சொன்னாத்தான் பதில் செல்லும்."

"பதிலைச் சொல்லிட்டேனே. சொன்னது சொன்னதுதான்."

மைக்கை ஒரு விரலால் தள்ளிவிட்டாள். மணி அடித்தது. அடுப்பு அணைந்து போயிற்று. எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் பேருந்தில் நாத்தனார் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மூணே மூணு வார்த்தை அண்ணி. செத்தா போயிடுவீங்க?"

"அப்படித்தானே சொல்லச் சொல்றாங்க."

"வண்டி போச்சு."

அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டி போனது உண்மை. தான் செய்தது தப்பில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க அவளுக்குத் தெரியவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது அவள் மைக்கைத் தள்ளிய இடத்தை மூன்று முறை காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் டமார் என்று ஒரு சத்தம் சேர்த்திருந்தார்கள். அடுத்த வாரமே தொகுப்பாளர் விரலை நீட்டிக்கொண்டு, "சொன்னது சொன்னதுதான்!" என்றார். அரங்கம் விரலை நீட்டியது. பிறகு அது பனியன்களில் வந்தது, ஆட்டோக்களின் முதுகில் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவள் சன்னலைத் தாண்டும்போது விரலை நீட்டிக் கத்தினார்கள்.

ஓட்டுநர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவள் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் சன்னலுக்கு வெளியே ஒரு விரல் நீண்டுவிடும்.

"சொன்னது சொன்னதுதான்! என்னக்கா, சரியா வருதா?"

"அக்கா ஒரு தடவை நேர்ல சொல்லுக்கா. என் பொண்டாட்டிக்கு வீடியோ அனுப்பணும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். யாராவது எடையை மறுத்துப் பேசினால் சீட்டைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டுவாள், அவ்வளவுதான். இத்தனை வருடங்கள் கையோடு இருந்த ஒரு வாக்கியம் போய்விட்டது. திருட்டுப் போனது என்று யாரிடமும் முறையிட முடியாது. எல்லோர் வாயிலும் அதுதான் இருந்தது, அவள் வாயில் மட்டும் இல்லை. ஒருநாள் நிஜமாகவே கோபம் வந்து, நாக்கு நுனி வரை வந்த அதை விழுங்கிவிட்டு, "நான் சொல்றது சரி" என்றாள். ஓட்டுநர் ஏமாற்றத்தோடு, "அப்படி இல்லையேக்கா, வேற மாதிரில்ல சொல்லுவீங்க" என்று திருத்தினார்.

தொலைக்காட்சியிலிருந்து நாத்தனாருக்குத்தான் அழைப்பு வந்தது. சிறப்பு நிகழ்ச்சி. அதே குடும்பம், அதே வண்டி, ஒரே ஒரு கேள்வி. அண்ணி அந்த வரியை விரலை நீட்டிச் சொன்னால் போதும்.

நாத்தனார் இரண்டு நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இது அவங்க வார்த்தை இல்ல அண்ணி. உங்களோடது. உங்க சொந்த வாயால நீங்க சொன்னது. அதைத் திரும்பச் சொல்ல என்ன?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "அன்னைக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டு அதைச் சொன்னேன்."

"இப்பவும் கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லிட்டுச் சொல்லுங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. காலையில்தான் வண்டிக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போயிருந்தார், காரணம்கூடச் சொல்லாமல்.

"வரேன். கேள்வி கேக்கட்டும். தெரிஞ்சா சொல்றேன். சொன்னா, சொன்னது சொன்னதுதான்னும் சொல்றேன். உனக்காக."

"விரலு?"

"விரலைப் பத்தி அங்க போய்ப் பாத்துக்கலாம்."

படப்பிடிப்புக் கூடத்தின் முற்றத்தில் வண்டி நின்றது. வெள்ளை நிறம், நெற்றியில் சிவப்பு நாடா. நாத்தனார் அதைச் சுற்றி வந்தாள். பின்கதவின் கொக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக விட்டாள். காதில் கருவி மாட்டிய உதவி இயக்குநர் பெண் ஒருத்தி அவளிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, வண்டி கிடைச்ச சந்தோஷத்தை முதல்ல எடுத்துடலாம். கேள்வியை அப்புறம் உள்ள எடுத்துக்கலாம். வெயில் இறங்கிட்டா முற்றத்துல எடுக்க முடியாது."

"இன்னும் கிடைக்கலையேம்மா."

"கிடைக்கத்தானேக்கா போகுது. சாவியை வாங்குங்க, அண்ணனைக் கட்டிப் பிடிச்சு அழுங்க. 'இது வண்டி இல்ல அண்ணா, என் வாழ்க்கை'ன்னு சொல்லுங்க."

நாத்தனாரின் கையில் சாவியை வைத்தார்கள். முதல் முறை அவள் நிஜமாகவே அழுதாள். சொல்லச் சொன்ன வரி வரவில்லை, அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். கணவர் தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே தானும் அழுதார். ஓரமாக நின்றிருந்த எடைமேடைக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வண்டியை இவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போது அவள் முழு மனதோடு நினைத்தாள்.

"அருமை! ஆனா வரி வரலையேக்கா. இன்னொரு தடவை." சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் முறை வரி வந்தது, அழுகை வரவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். மூன்றாம் முறை தொகுப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, "இது வண்டியா? உறுதியா?" என்றார். "இது என் வாழ்க்கை அண்ணா" என்றாள் நாத்தனார். சொட்டு மருந்து கன்னத்தில் ஒழுகியது. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் உதவி இயக்குநர் கையை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் நாத்தனார் சாவியைக் கொடுத்தாள். கடைசியில் கொடுக்கும்போது அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே கேள்வி வந்தது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயங்கள்?

எடைமேடைக்காரி யோசித்தாள். ஆக்டோபஸை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"தெரியலை."

தொகுப்பாளர் சிரித்தார். "போன தடவை ஒட்டகம். ஒட்டகத்துக்கு எத்தனைன்னு சொன்னீங்க? ஞாபகப்படுத்திப் பாருங்க." மார்புக்கு நேராக மூன்று விரல்களை வைத்துக்கொண்டார்.

"ஒட்டகத்துக்கு இமை. இது வேற."

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "மூணும்மா, மூணு! வேணும்னேதான் மூணு வர்ற மாதிரி கேள்வி வச்சிருக்கோம். மூணுன்னு சொல்லிட்டு உங்க வரியைச் சொல்லுங்க. முடிஞ்சுது."

"அது நீங்க சொன்னது."

"யார் சொன்னா என்ன? அப்போ வரியை மட்டுமாவது சொல்லுங்க."

"ஒண்ணுமே சொல்லாம, சொன்னது சொன்னதுதான்னு எப்படி சார் சொல்றது?"

மேலேயிருந்து இயக்குநரின் குரல் நிறுத்தச் சொன்னது. விளக்குகள் தணிந்தன. தொகுப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்களாவது உங்க அண்ணிக்கு எடுத்துச் சொல்லுங்க. வண்டி உங்களுக்குத்தான்."

நாத்தனார் எழுந்து வந்தாள். கணவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். எடைமேடைக்காரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் மட்டும் ஒருமுறை வாயைத் திறந்து கேட்டுவிட்டால் தன்னால் முடியாது என்று சொல்ல வராது. அது அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணி, நிஜமாவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

நாத்தனார் திரும்பி நின்றாள். பிறகு தொகுப்பாளரிடம், "அவங்களுக்குத் தெரியாதாம்" என்றாள்.

"அதான் நான் சொல்லித் தர்றேனே!"

"எனக்கும்தான் சொல்லித் தந்தீங்க, அழறதுக்கு." ரவிக்கையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "எங்களுக்குப் பதில் தெரியலை. நாங்க கிளம்பறோம். வெளியில எடுத்தீங்கல்ல, அதை அழிச்சிடுங்க."

"எதை?"

"நான் அழுததை."

உதவி இயக்குநர் ஓடி வந்தாள். அதெல்லாம் முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வேறு எதற்காவது பயன்படும் என்றாள்.

"வண்டி உங்களோடது, வச்சுக்குங்க. வாங்காத வண்டிக்கு நான் அழ மாட்டேன். அழிங்க."

"அக்கா, அடுத்த குடும்பம் வெளியில காத்திருக்கு."

"காத்திருக்கட்டும்" என்று நாத்தனார் போட்டியாளர் மேடையின் படியிலேயே உட்கார்ந்தாள். எடைமேடைக்காரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கணவர் வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொகுப்பாளர் கெஞ்சினார். ஒரு பயணம் என்றால் மேடு பள்ளம் இருக்கும் என்றார். ஒருவரும் அசையவில்லை. கைதட்டுவதற்காக அழைத்து வரப்பட்டிருந்தவர்கள் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் இயக்குநரே மேலேயிருந்து இறங்கி வந்து, மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு சின்னத் திரையைக் கொண்டு வரச் சொன்னார்.

திரையில் நாத்தனார் மூன்று கட்டங்களில் அழுதுகொண்டிருந்தாள். ஒரு விரல் பொத்தானை அழுத்தியது. ஒவ்வொரு கட்டமாகப் போனது.

"வேற எங்கேயும் இல்லையே?" என்று எடைமேடைக்காரி கேட்டாள்.

"இல்லம்மா. போதுமா?"

நாத்தனார் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அழுததும் போச்சா?"

"அதுவும் போச்சுண்ணா."

"அது நல்லா வந்திருந்துச்சு" என்றார் அவர்.