கச்சிராயபாளையம் கந்தசாமி

வெள்ளிமலைக்குப் போய்த் தேன் வாங்கியே ஆக வேண்டும் என்று என் மனைவி பிடிவாதம் பிடித்ததால், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். என் முதுகுவலியும் கூடவே ஏறிக்கொண்டது. மலைப்பாதை தொடங்கும் முன் கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மூன்று கால்கள் சாதாரணக் கட்டை. நான்காவது காலில் ஒரு யாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எனக்குப் புரையேறிவிட்டது. அந்த யாளி எனக்குப் பழக்கம். ஒரு காலத்தில் அது பியானோவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சியில் பியானோவா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சத்தியமாக இருந்தது. ஊர் இன்னும் மாவட்டத் தலைநகர் ஆகாத காலம். ஒரு அரிசி ஆலை முதலாளி லாட்ஜ் கட்டி, மாடியில் ஏ.சி. பார் வைத்தார். பாண்டிச்சேரியில் எங்கோ பியானோ வாசிப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று பழைய பியானோ ஒன்றை வாங்கி, தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே லாரியில் ஏற்றி அனுப்பினார். உளுந்தூர்பேட்டையில் டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் முன்கால் ஒன்று முறிந்துபோனது. இங்கே மரச்சிற்பத்துக்கு ஆளா இல்லை? சிற்பி ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் அதுவரை சாமி வாகனம் தவிர வேறெதுவும் செதுக்காதவர். யாளி வைத்துக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து வந்த சங்கடம் என்னவென்றால், குடிக்க வந்தவர்கள் முதலில் யாளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். அதன் நெற்றியில் யாரோ குங்குமம்கூட வைத்திருந்தார்கள். பியானோவுக்குள் எலிக்குப் பயந்து அந்துருண்டை போட்டிருந்ததால், பக்கத்தில் போனால் பீரோவைத் திறந்த வாசனை வரும். இன்றைக்கும் பட்டுப்புடவை வைத்த பீரோவை மனைவி திறந்தால் எனக்குப் பாட்டு கேட்கிறது. அவளிடம் இதைச் சொன்னதில்லை.

வாசித்தவர் அந்துவான் என்ற பாண்டிச்சேரிக்காரர். வெள்ளைச் சட்டை, மெல்லிய விரல்கள், மெதுவான பேச்சு. வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாசிப்பார். முதல் வாரம் அவர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வாசித்திருக்கிறார். சங்கராபுரத்துக்காரர் ஒருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டார். “பாட்டு யாரு கேட்டதுன்னு சொல்லமாட்டியா? அப்பறம் இன்னாத்துக்குக் கேக்கறது?” நியாயம்தானே. அன்றிலிருந்து பேரும் ஊரும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

நான் அப்போது ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். கல்யாணம் நிச்சயமாகிப் பத்து நாள். பெண்ணின் அப்பா கோயில் தர்மகர்த்தா. நிலம், வீடு, சம்பளம் எதையும் அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான். “மாப்ள பாரு பக்கம் போவாருங்களா?” என் அப்பா என் தலைமேல் கை வைத்து இல்லை என்றார். போனது தெரிந்தால் அதோடு சம்பந்தம் முறிந்தது என்று தரகர் தனியாகவும் எச்சரித்திருந்தார். பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தூக்கத்தில்கூட நல்லவனாக இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் விடவில்லை. “நீ ஒண்ணும் குடிக்க வாணாம்டா. சும்மா பாட்டு கேட்டுகினு ஒக்காரு” என்று இழுத்துக்கொண்டு போனார். லெமன் சோடா ஒன்றைக் கையில் பிடித்தபடி இருட்டில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அந்துவான் வாசிக்க வாசிக்க என் ஒடுக்கம் போய்விட்டது. பியானோவை அதுவரை சினிமாவில்தான் கேட்டிருந்தேன். நேரில் கேட்டால் நெஞ்செலும்பில் வந்து இறங்குகிறது. எனக்கும் ஒரு பாட்டு கேட்க ஆசை வந்தது. சர்வர் சீட்டை நீட்டினான்.

இங்கேதான் என் புத்தி. நாம் எல்லாம் மொய்க் கவரில் எழுதி எழுதிக் கை பழகியவர்கள். பேனாவைப் பிடித்தால் என் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தியாகதுருகம் வழி என்று தானாக எழுதிவிட்டது கை. அந்துவான் அத்தனையையும் ஒரு எழுத்து விடாமல், அழகான உச்சரிப்புடன் மைக்கில் படித்தார்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. எழுந்து வந்தவர் என் வருங்கால மாமனார். கையில் அவருக்கும் லெமன் சோடா. என் கல்யாணம் அந்த சோடாவின் குமிழி மாதிரி மேலே போய் உடைவதைக் கண்ணால் பார்த்தேன்.

அவர் குனிந்தார். “மாப்ள, நீங்க இன்னைக்கி இங்க வர்ல.”

“சரிங்க மாமா.”

“நானும் வர்ல.”

“சரிங்க மாமா.”

“பேரக் குடுக்கறீங்களே, அறிவு வாணாமா?” என்று சொல்லிவிட்டுப் படியை நோக்கி நடந்தார். அப்போது அந்துவான், “அடுத்து, வாராவாரம் நம் நேயர் கச்சிராயபாளையம் கந்தசாமி விரும்பிக் கேட்கும் பாடல்” என்றார். படியில் இறங்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடியும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வலது கை மட்டும் கைப்பிடிச் சுவரில் தாளம் போட்டது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. உடம்பு முடியாத சிநேகிதர் கந்தசாமியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, பாட்டுச் சீட்டிலும் அதே பொய்ப் பெயரை எழுதிக் கொடுப்பாராம். மாமியார் கந்தசாமிக்கென்று முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புவார். கல்யாணத்துக்குக் கந்தசாமி வரவில்லை என்று அவருக்கு ஏக வருத்தம். பிறகு நானும் கந்தசாமியைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். மாமனார் ஒரு மேசை, நான் ஒரு மேசை. பாரில் மாமனாரும் மருமகனும் ஒன்றாக உட்கார முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. முறுக்கை மட்டும் சர்வர் கொண்டுவந்து பாதி பிரித்துக் கொடுப்பான்.

பார் நான்கு வருஷம்கூட ஓடவில்லை. பியானோவை எடுத்துவிட்டு, கிரிக்கெட் பார்க்கப் பெரிய டி.வி. வைத்தார்கள். பிறகு அதுவும் போய், இப்போது அந்த மாடியில் செல்போன் கடை. அந்துவான் ஊருக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். கந்தசாமியை என்ன செய்வது என்று நானும் மாமனாரும் கலந்து பேசி, அவரைத் திருப்பூரில் மகன் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். மாமனார் அதன்பிறகு சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். ஈஸிசேர் கட்டையில் விரல்கள் மட்டும் ஓடும். போன வருஷம் படுக்கையில் விழுந்தபோது, எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து, “கந்தசாமி பாட்டு போட்டாங்களா மாப்ள?” என்றார். “போட்டுட்டாங்க மாமா” என்றேன். என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

டீக்கடையில் என் மனைவி திடீரென்று நிமிர்ந்தாள். “ஏங்க, இதானே கந்தசாமி மாமா ஊரு? திரும்பி வந்திருந்தா பாத்துட்டுப் போலாமே. அப்பா போனது அவருக்குத் தெரியுமோ என்னமோ.” நான் வாயைத் திறப்பதற்குள் டீ மாஸ்டரிடம் விசாரிக்கப் போய்விட்டாள். “எந்தக் கந்தசாமிங்க? நாலு பேரு கீறாங்க” என்றார் அவர்.

“வாணாம்மா. அவரும் தவறிட்டாரு” என்றேன்.

“எப்போ?”

“மாமா போன அன்னைக்கேதான்.”

அவள் கண் கலங்கிவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தினி வருச சிநேகிதம். போய் ஒரு மாலையாச்சும் போட்டிருப்போமே.”

போட்டோமே என்று வாய்வரை வந்தது. மிச்ச டீயைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.