நாலுகால் பாய்ச்சல்

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 'நாலுகால் பாய்ச்சல்' என்றால் மிக வேகமாக ஓடுதல் என்று எத்தனையோ ஆண்டுகளாகப் பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். கிள்ளானில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கும், பாதித் தலை வாரிக்கொண்டு பள்ளி வேனுக்கு ஓடும் என் மகளுக்கும் அதையேதான் சொல்வேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு குதிரை இருப்பதை நினைத்ததே இல்லை.

போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அதைப் பார்த்தேன். மகள் செமினியில் ஒரு குதிரைப் பண்ணையில் குதிரையேற்றம் பழகுகிறாள். நான் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். குதிரை அவளைச் சுமந்து சும்மா நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தாமான் வீடுகளில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். குதிரையின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. அடுத்த கணம் அது அந்த இடத்தில் இல்லை.

நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் ஒன்றுசேர்ந்தன. ஒரு நொடி தரையில் எதுவுமே படவில்லை. பிறகு மண் தெறித்தது. அதன் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு என் பிள்ளை.

பிள்ளை விழப்போகிறது என்றால் நம் வீடுகளில் கத்திக்கொண்டு ஓடுவோம். நானும் வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு, கைகளை வீசி, அவள் பேரைச் சொல்லிக் கத்தியபடி ஓடினேன். என்னைக் கண்டு மிரண்ட குதிரை இன்னும் வேகமெடுத்தது. பயிற்சி தருகிறவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்கா, ஓடாதீங்க. நீங்க ஓடுனா அதும் ஓடும். சத்தமே வேணாம்."

நின்றேன். துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டேன். அவர் குரலை உயர்த்தாமல், பின்னால் சாய்ந்து உட்காரவும் ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் இழுக்கவும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். குதிரை வட்டமடித்தது. வட்டம் சுருங்கச் சுருங்க வேகமும் தணிந்தது. கடைசியில் வியர்வை வழிய நின்றது. அவள் இறங்கினாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. கை கால்களைத் தடவிப் பார்த்தபிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காரில் அவள் சொன்னாள்: "குதிரைகூட பரவால்லம்மா. நீங்க கத்துனதுதான் பயமா இருந்துச்சு லா."

சாவியைத் திருகினேன். அவள் குனிந்து ஏசியைப் போட்டுவிட்டு, தண்ணீர் போத்தலை என்னிடம் நீட்டினாள்.

விடுமுறை முடிந்து வகுப்பில் வாக்கியம் அமைக்கச் சொன்னேன். 'மணியடித்ததும் நாங்கள் நாலுகால் பாய்ச்சலில் கேண்டீனுக்கு ஓடினோம்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. பிழையில்லாத வாக்கியம். சரி போட்டேன். சிவப்புக் கோடு நிற்காமல் அடுத்த வரிவரைக்கும் போயிருந்தது.