ஒரே வாசலில் முட்டையும் மாத்திரையும்

ஒரு சிறிய பீங்கான் தட்டு. சூளையில் ஒரு பக்கம் லேசாக வளைந்துபோனதால் விற்பனைக்கு ஆகாமல் வீட்டுக்கு வந்த தட்டு. அதில் தோல் உரித்த இரண்டு அவித்த முட்டைகள், அவற்றை ஒட்டி ஒரு மாத்திரை, பக்கத்தில் ஒரு டம்ளர் பால். என் அக்காவின் கணவரை, எங்கள் மாமாவை, நினைக்கும்போது அவர் முகம் வருவதற்கு முன்பே இந்தத் தட்டுதான் எனக்குத் தோன்றுகிறது. தினமும் காலையில் அக்கா அதை அவர் முன்னால் வைத்து, அவர் கடைசி வாய் பால் குடித்து முடிக்கும்வரை நகராமல் நிற்பாள். அந்தத் தட்டு நிறைய இருந்தது அவளுடைய பிரியம். அந்தப் பிரியம்தான் மாமாவின் கையைக் கட்டிப்போட்டிருந்தது என்பது எங்களுக்குப் புரிய ஒரு வைகாசியிலிருந்து மார்கழிவரை ஆயிற்று.

மாமாவுக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. கொலு பொம்மைகளும் அகல் விளக்குகளும் செய்கிறார்கள். நன்றாகவே ஓடுகிறது, இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ஆனால் ஊரில் மாமாவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குப் பொம்மை நினைவுக்கு வராது, கேரம் போர்டுதான் வரும். பட்டறைக் கொட்டகையில் மாலை நேரத்தில் விளக்கைப் போட்டு, பலகையில் பவுடரைத் தூவி அவர் உட்கார்ந்துவிட்டால் தெருவே வந்து நிற்கும். அவருக்கு எதிர்ப்பக்கத்தில் ஜோடியாக உட்காருவது அக்கா. கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் அவரிடம் ஆடக் கற்றுக்கொண்டவள், அடுத்த ஆடிக்குத் தாய்வீட்டுக்கு வந்தபோது எங்கள் எல்லாரையும் தோற்கடித்துவிட்டுப் போனாள். பொங்கல் முடிந்து கரிநாளன்று, எல்லார் வீட்டிலும் கறி வேகிற அந்த நாளில், அக்கா மாமா ஜோடிக்கும் மங்கலம்பேட்டை பாய் ஜோடிக்கும் ஆட்டம். பாய் பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பிப் பெயின்ட் கடை வைத்திருப்பவர்; மாமாவின் பழைய நண்பர். தன் தம்பியை ஜோடியாகவும் ஒரு பெரிய தூக்கு நிறையப் பிரியாணியைத் துணையாகவும் அழைத்து வருவார். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில்கூட அந்த நாளுக்கு லீவு கேட்டு வந்ததுண்டு.

மாமாவுக்கு நோய் வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது அந்தப் பலகைதான். கை நடுங்கியதாகப் பலர் சொல்வார்கள். நான் முதலில் பார்த்தது தாமதம். ஸ்ட்ரைக்கரின் மேல் விரல் போய் நிற்கும், கண் காயைப் பார்த்துவிடும், ஆனால் விரல் கிளம்பாது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்ட மாதிரி. அப்புறம்தான் சும்மா இருக்கும் நேரத்தில் கட்டைவிரல் எதையோ உருட்டிக்கொண்டே இருக்க ஆரம்பித்தது. வைகாசிக் கடைசியில் புதுச்சேரிக்குப் போய் நரம்பு டாக்டரம்மாவிடம் காட்டினோம். மூளையில் உடம்பின் அசைவுகளை ஓட்டுகிற ஒரு பொருள் குறைந்துகொண்டு வருகிறது என்றார். மாத்திரை கொடுத்தார். முதல் நாட்களில் மாத்திரை குமட்டியது. போனில் கேட்டதற்கு, மாத்திரையோடு கொஞ்சம் ஏதாவது சாப்பிடச் சொன்னார்கள். என் அக்காவின் அகராதியில் கொஞ்சம் என்ற சொல்லே கிடையாது.

"வீரியமான மருந்துடா தம்பி. வெறும் வயித்துல போட்டா கொடலை அரிச்சிடும். உள்ள நல்லா சத்தா போட்டு அதும்மேல இத அனுப்பணும்," என்பாள். அவள் தனியாகச் சொல்லவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். காய்ச்சல் மாத்திரைக்கே பால் குடிக்கிற ஊர் இது. குமட்டல் நின்ற பிறகும் முட்டை நிற்கவில்லை. மாத்திரையும் சரியாகப் பிடிக்கவில்லை. மருந்து பிடிக்கவில்லையே என்று அக்கா சுண்டலைச் சேர்த்தாள்.

எனக்கு எதையும் மாதம் கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம். அதனால் அந்த வருடப் புரட்டாசியை மறக்கவில்லை. மாமா மறுபடியும் பழைய மாமாவாக இருந்த மாதம் அது. காலையில் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மகாளய அமாவாசைக்கு மறுநாள் ஒரே அடியில் இரண்டு காய்களை இரண்டு மூலைக்கு அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கொலு பொம்மை விற்கிற சந்தோஷம் என்றார்கள் பட்டறைக்காரர்கள். பெருமாள் கண் திறந்துவிட்டார் என்றாள் அக்கா. தீபாவளி வந்தது. இவ்வளவு தேறிய மனுஷனை அப்படியே விடலாமா என்று, புரட்டாசிக்காக நிறுத்தியிருந்த முட்டைகளோடு நாட்டுக்கோழிச் சாறும் சேர்ந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் மாமாவுக்கு நாற்காலியிலிருந்து எழவே ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு மாலை பாய் போன் செய்தார். கரிநாளுக்குத் தயாரா என்று கேட்டார். மாமா போனை அக்காவிடம் நீட்டிவிட்டு, "ஒன் தம்பிய ஜோடி சேத்துக்க. நான் பாத்துக்கினு இருக்கேன்," என்றார். அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அக்கா அவரைப் பார்க்காமல் போனில் பேசினாள்.

"அவனயாண்ணே? ஸ்ட்ரைக்கர தோசைக் கரண்டி மாதிரி புடிக்கிறான். இவரு ஒக்காந்தா நான் ஒக்காருவேன். இல்லன்னா இந்த வூட்டுல கேரமே கெடையாது. பலகைய எடுத்து அரிசி பொடைக்க வெச்சிக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றிரவே பலகையைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டாள். அது அப்படியே நின்றது. மாமா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நோயைப் பற்றி எனக்கிருந்த பயத்தைவிட, அந்தத் திரும்பி நின்ற பலகையைப் பற்றிய பயம் அப்போது பெரிதாக இருந்தது.

மார்கழி முதல் வாரத்தில் மீண்டும் புதுச்சேரி. மாத்திரை வேலை செய்யவில்லை, அளவைக் கூட்டுங்கள் என்று கேட்கத்தான் போனோம். டாக்டரம்மா எழுத ஆரம்பித்தபோது, புரட்டாசி முழுக்க நன்றாக இருந்தார், தீபாவளிக்குப் பிறகு கெட்டது என்று நான் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

"புரட்டாசியில என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர். கொறஞ்சிதான் போச்சி," என்றாள் அக்கா. "அந்த மாசம் அடுப்புல கவுச்சி ஏத்த மாட்டோம். பாவம், முட்டைகூட கெடையாது. பாலு, சுண்டல்கூட வேணாம்னுட்டாரு. கருங்காப்பியில மாத்திரையப் போட்டுட்டு நேரங்கழிச்சி ரெண்டு இட்லி சாப்பிடுவாரு."

"மத்த மாசத்துல மாத்திரையோடயே முட்டை குடுப்பீங்களா?"

"ரெண்டு. பாலும். ஒரு நாள் தப்பினதில்லீங்க," என்றாள் அக்கா, பரிசு வாங்கப் போகிறவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரத்தத்துல போறதெல்லாம் மூளைக்குள்ள போயிடாதும்மா. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல செல்லெல்லாம் இடைவெளியே இல்லாம ஒட்டிக்கிட்டிருக்கும். பெரும்பாலான மருந்து வெளியவே நின்னுடும்."

மாமா மெதுவாகக் கேட்டார். "கிளேஸ் அடிச்ச மாதிரிங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அக்காதான் விளக்கினாள். மொத சூளையில வெந்த சாமான் தண்ணியக் குடிக்கும்; கிளேஸ்னு கண்ணாடிப் பூச்சு அடிச்சி மறுபடி சூளையில வெச்சா ஒரு சொட்டு எறங்காது. டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

"அதேதான். ஆனா இந்த கிளேஸ்ல அங்கங்க வாசல் வெச்சிருக்கு. முட்டை, பால், கறியில இருக்கிற புரதம் செரிச்சி ரத்தத்துல கலந்ததும் உள்ள போக ஒரு வாசல் இருக்கு. இவருக்குக் குடுக்கிற மருந்துக்கும் அதே வாசல்தான். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா?"

"பெண்ணாடம் மில்லு கேட்டுல கரும்பு டிராக்டர் வரிசை கட்டி நிக்கும்போது ஸ்கூட்டர்ல போயி மாட்டிக்கிட்ட கதைதான்," என்றார் மாமா.

அளவு கூடவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு நன்றாக முன்னால், தண்ணீரோடு; புரதம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டில். அதையும் ஒரேயடியாகக் குறைத்துவிடக் கூடாது, உடம்பு இளைத்துவிடும் என்று டாக்டரம்மா அக்காவைப் பார்த்து இருமுறை சொன்னார். எல்லா நோயாளிக்கும் இது இவ்வளவு வித்தியாசம் செய்யாது என்றும் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் நெய்வேலி தாண்டும்போது அக்கா மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "இத்தினி மாசமா நானே வழிய மறிச்சிக்கினு நின்னிருக்கேன்," என்றாள். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நீ எங்க மறிச்ச? கோழிதான் மறிச்சிது," என்றார். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். முதலில் எனக்கு விளங்காமல் இருந்தது ஒன்று: குறைந்த பொருளையே ஊசியாகவோ மாத்திரையாகவோ ஏன் கொடுக்கவில்லை? கொடுத்தால் அந்தச் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அதனால், உள்ளே போனபின் அந்தப் பொருளாக மாறக்கூடிய வேறொன்றைக் கொடுக்கிறார்கள். அதற்குத்தான் வாசல் திறக்கிறது. மாமாவின் மாத்திரைக்குள் இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. முதலாவது வழியிலேயே, உடம்பின் மற்ற இடங்களில், மாறி வீணாகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அந்த இரண்டாவது மருந்து மூளைச் சுவரைத் தாண்டாது. தாண்டாததுதான் அதன் தகுதி. தாண்டினால் உள்ளேயும் மாறவிடாமல் தடுத்துவிடும். சளிக்கு அந்தக் காலத்தில் போட்ட மாத்திரை நம்மைத் தூங்க வைத்ததும், இப்போதுள்ளவை அவ்வளவாகத் தூங்க வைக்காததும் இதே சுவரின் கணக்குதான். பழையது கொழுப்பில் கரைந்து வாசலைத் தேடாமலே உள்ளே நழுவிவிடும். புதியவற்றில் பலவற்றைச் சுவரில் இருக்கிற பம்ப் மாதிரியான இறைப்பிகளே பிடித்து வெளியே தள்ளிவிடுகின்றன. இவ்வளவு கறாரான ஒரு காவல் நம் எல்லார் தலைக்குள்ளும் சத்தமில்லாமல் நடக்கிறது என்பதை வாசித்த இரவில் எனக்கு ஏனோ மிகுந்த சந்தோஷமாக இருந்தது.

மார்கழி பாதியில் பலகை திரும்பியது. யார் திருப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. இனி இருந்த சிக்கல் ஒன்றே ஒன்று: ஆட்டம் நடப்பது கரிநாளில். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கறிக்குழம்பு கொதிக்கிற நாளில், காலை மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் மாமா கறியைத் தொடக் கூடாது. விஷயத்தைக் கேட்ட பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப ஒன்ன ஜெயிக்கறதுக்கு ஒரு லெக் பீஸு போதுமா? இத்தினி வருசமா வீணா ஆட்டத்தப் பழகிட்டேனே."

"தூக்க தூரமா வைய்யா," என்றார் மாமா. "வாசனையே பாதி புரதம்."

தூக்கு மூடி திறக்காமல் ஜன்னலோரம் இருந்தது. பாயும் சாப்பிடவில்லை. பசிக்கிறது என்ற தன் தம்பியை, "அண்ணன் ஆடி முடிக்கட்டும். ஒண்ணா ஒக்காந்து சாப்பிடலாம்," என்று அதட்டினார். கொட்டகையில் நிற்க இடமில்லை. மாமாவின் முதல் அடியில் விரல் கொஞ்சம் யோசித்தது. இரண்டாவதில் யோசிக்கவில்லை. அதன்பின் நாங்கள் பார்த்தது பழைய கை. வேகம் குறைந்திருந்தது, குறி குறையவில்லை. கடைசி போர்டில், இரண்டு கறுப்புக்கு நடுவில் சிக்கியிருந்த சிவப்புக் காயை எதிர்க்கட்டையில் மோதவிட்டுத் திருப்பித் தன் பக்கத்து மூலையில் இறக்கினார். அடுத்த அடியில் அதற்குத் துணைக் காயையும் போட்டார். கூட்டம் கத்தியது. அதற்கடுத்த அடியில் காய் குழியின் வாய்வரை போய் நின்றுவிட்டது. மாமா கையை எடுத்துப் பலகையின் விளிம்பில் வைத்துக்கொண்டார்.

பாய் தவறவிட்டார். அக்காவின் முறை. ஒரே ஒரு வெள்ளைதான் பாக்கி, அதுவும் குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. சின்னப் பிள்ளை ஊதினால்கூட விழுந்திருக்கும். அக்கா அடித்தாள். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் போய்ப் பக்கத்துக் கட்டையில் மோதித் திரும்பியது. பாயின் தம்பி மிச்சத்தை முடித்துவிட்டான்.

மாமாவின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. வைகாசிக்குப் பிறகு அவர் அவ்வளவு உரக்கப் பேசியதே இல்லை.

"ஏ இந்தா. கண்ண எங்க வெச்சினு அடிச்ச?"

"ஒங்க கையிலதான்," என்றாள் அக்கா. "ஆடாம இருந்துச்சி. அதையே பாத்துக்கினு இருந்துட்டேன்."

பாய்தான் தூக்கைத் திறந்தார்.

அது சில பொங்கல்களுக்கு முன்பு. இப்போது மாமாவின் நடை சுருங்கியிருக்கிறது, மாத்திரைகள் கூடியிருக்கின்றன, வாசல் எப்போதும் அவர் நினைத்த நேரத்தில் திறப்பதில்லை. அதை அவர் மறைப்பதுமில்லை. ஆனால் அந்த வீட்டில் தினமும் பயிற்சி எடுப்பது அவரல்ல, அக்காதான். போன வாரம் மாலையில் போனேன். குழியின் வாயில் ஒரு வெள்ளைக் காயை வைத்துவிட்டு அவள் ஸ்ட்ரைக்கரோடு குனிந்திருந்தாள். எதிரில் மாமா தலையணையில் சாய்ந்திருந்தார்.

"காயப் பாரு," என்றார். "என்னப் பாக்காத."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். காய் விழுந்தது.