துண்டுக்கு அடியில் இருந்த சிவப்பு

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஐப்பசி மாதம். கொல்லிமலை செம்மேட்டில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் சென்டர்களில் தட்டச்சு வேலை பார்க்கும் பெண்களுக்கு, கண் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் தயாரிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்கும். அது ஒழுங்காகப் படிக்கிற மாதிரி நாம் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சும்மாவே நான் பயந்தாங்கொள்ளி. மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தவள். அன்றைக்கு என்னமோ மனசு லேசாக இருந்தது. வகுப்புப் பெண்கள், செம்மேட்டிலிருந்து மலைக் கிராமங்களுக்குப் போகும் பஸ் நேரங்களை ஓர் இணையப் பக்கமாகச் செய்து முடித்திருந்தார்கள்.

அதைச் சோதித்துப் பார்க்க, பெரக்கரை நாடு என்ற மலைப் பகுதியிலிருந்து ஓர் அக்காவை வரவழைத்தோம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது கம்ப்யூட்டர் பழகியிருந்தார். ஆனால் ஊரில் எங்கே போவதென்றாலும் தம்பியின் வண்டியில்தான். சோதனை என்றால் நான் திரையைத் துண்டு போட்டு மூடிவிடுவேன். நானும் முன்கூட்டிப் பார்த்துவைப்பதில்லை. கண்ணால் பார்த்து யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, காதுக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் கணக்கு. அதில் நான் ரொம்பக் கறார்.

அக்கா விசையைத் தட்டத் தட்ட, கம்ப்யூட்டர் ஊரையும் நேரத்தையும் கணீரென்று படித்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஏனுங்க அம்மிணி, எங்கூருக்கு அஞ்சரைக்கு வண்டி இருக்குதுங்களே! நானே போயிக்கறனுங்க" என்றார்.

அங்கிருந்த போனிலேயே தம்பியைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துணைக்கு வருகிறோம் என்றவர்களையும் விடவில்லை. அந்த பஸ் நிற்கும் பிரிவு ரோட்டு முனைவரை பழகிய வழிதானாம். கோலைத் தட்டிக்கொண்டு அவர் கிளம்ப, நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாவற்றையும் ஏறக்கட்டலாம் என்று துண்டை எடுத்தேன். பட்டியலில் சில வரிகள் மட்டும் பளிச்சென்று சிவப்பாக இருந்தன. அந்த அஞ்சரை வண்டியும் சிவப்பு.

"இது எதுக்கும்மா சிவப்பு?" என்று பட்டியல் போட்ட பெண்ணைக் கேட்டேன்.

"அதுங்களா மேடம், செவப்புல இருக்கற வண்டியெல்லாம் சந்தை அன்னைக்கு ஓடாதுங்க. பாத்தாலே தெரியட்டும்னு..." என்ற பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துப்போனது. "ஐயோ சாமி! இன்னைக்குச் சந்தைங்க மேடம்!"

கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் படிக்கும், சிவப்பைப் படிக்காது. நிறம் பற்றிய பாடத்தை நான் மறுநாளைக்கு வைத்திருந்தேன்.

தம்பிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வெளியே மழையும் பனியும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்த முனையில் கடை கண்ணி ஒன்றும் கிடையாது. லாரிகள் திரும்புகிற வளைவு. இருட்டினால் கரடி வரும் என்று அந்தப் பெண் வேறு சொல்லித் தொலைத்தாள். இருவரும் தெருவில் ஓடினோம்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மினி லாரி நின்றது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து வாழைத்தார் வாங்க வந்த பாய் ஒருவர், பனி மூடுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டுமென்று அவசர அவசரமாகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் உளறிக்கொட்டியதில் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"ஏறுங்க கண்ணு, பேச்செல்லாம் அப்பறம்" என்று வண்டியைத் திருப்பினார்.

முனைக்கு வந்தோம். நீட்டிய கை நமக்கே தெரியாத பனி. கூப்பிட்டுப் பார்த்தோம், இன்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஏதாவது லாரி வந்திருக்குமோ, பள்ளத்துப் பக்கம் நகர்ந்திருப்பாரோ என்று மனசு கண்டதையும் நினைத்தது. பாய் இன்ஜினை அணைத்தார்.

"இந்தப் பனிக்குக் கண்ணு வேலைக்காகாதுங்க. சத்தம் போடாம காதக் குடுத்துக் கேளுங்க."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கல்லில் கோல் தட்டும் சத்தம்.

ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். கையைப் பிடித்தேன், ஜில்லென்றிருந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். சிவப்பு எழுத்து விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மனுசங்க சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு பேத்துகிட்டக் கேட்டிருப்பனுங்க அம்மிணி" என்றார். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் யாரையும் கேக்காமப் போயிப் பாக்கோணும்னு ஆசையா இருந்துச்சுங்க."

பாய் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான், அத்தனை பனியில் மலை இறங்கினார்.

இன்றும் எந்தப் பக்கத்தைச் சரிபார்த்தாலும், அதை நம்பி யாரையும் கேட்காமல் ஒருத்தி கோலோடு கிளம்பிவிடுவாள் என்ற பயம் வந்து, 'சரி' என்று சொல்வதற்குமுன் என்னை இன்னொரு முறை காதால் கேட்கவைக்கிறது.