மஞ்சள் வட்டத்துக்கு ஒரு ஓடர்

பனர் அடிக்கும் கடையில் டிசைன் செய்கிறவர்களுக்கு உலகத்தில் ஒரே வேலைதான்: வந்த முகத்தை இன்னும் கொஞ்சம் பெருப்பிப்பது. கலியாணமோ, சாமத்திய வீடோ, கண்ணீர் அஞ்சலியோ, எதுவானாலும் வந்தவர் கடைசியில் நம் தோளுக்குப் பின்னால் நின்று, "முகம் இன்னும் கொஞ்சம் பெருசா வராதோ?" என்றுதான் கேட்பார். இதே தொழிலில் கிடந்து மாய்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் கடை கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம். பத்து வருடமாக முகம் பெருப்பித்த அலுப்பில், ஓடர் இல்லாத நேரங்களில் கணினியில் ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். வட்டம், சதுரம், முக்கோணம், அவ்வளவுதான். ஒரு படத்துக்கு மூன்று நிறத்துக்கு மேல் கூடாது. முகம் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு வட்டத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் போதும், முழுப் படமுமே வேறு படமாகிவிடும். அந்தச் சந்தோசம் எந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பெருப்பித்தும் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலாளி சிவா அண்ணை நல்ல மனிதர்தான், நக்கல் மட்டும் கொஞ்சம் கூட. 'சும்மா' என்று பெயர் வைத்து நான் ஒளித்திருந்த படங்களை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பொங்கலுக்கிடையில ஒரு ஆளாவது வந்து 'எனக்கு இதுதான் வேணும்' எண்டு கேட்டா, எங்கட கடைப் பெயர்ப்பலகை, அந்த முன்போட்டை நீயே உன்ர விருப்பத்துக்குக் கீறு. இல்லாட்டி இவ்வளவத்தையும் அழிச்சுப்போட்டு ஒழுங்கா முகத்தைப் பெருப்பி."

வாசலில் சிவப்பு

ஆளை இழுக்க வேண்டுமென்றால் வாசலில் ஒன்று தொங்க வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்பு முக்கோணங்களை வரிசையாக அடித்து, படிக்கு மேலே குறுக்காகக் கட்டினேன். வீதியின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். என்ன எடுப்பு. எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

மத்தியானம் வரை ஒரு குருவிகூட உள்ளே வரவில்லை. சைக்கிளில் வந்தவர்கள் காலூன்றி நின்று மேலே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் ஓர் அக்கா வந்தா. பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீட்டுக்குப் பனர் அடிக்க வந்தவ. அவவும் படிக்கு வெளியே செருப்போடு நின்றபடி சிரிக்கத் தொடங்கினா. கேட்டால், அவ மிதிவெடி அகற்றுகிற இடத்தில் வேலை செய்கிறவவாம்.

"தங்கச்சி, உள்ள ஆரும் வரக்கூடாதெண்டு நாங்கள் காட்டுக்குள்ள இதைத்தான் கட்டிக்கொண்டு திரியிறம். நீர் கடை வாசல்ல கட்டியிருக்கிறீர்!"

வாய்க்கால்

சிவப்பைக் கழற்றிவிட்டு, பச்சையும் மண்ணிறமுமாகச் சதுரங்களை அடுக்கி, அடியில் நீலத்தில் ஒரு நீளப் பட்டையும் வைத்து அடித்துத் தொங்கவிட்டேன். இதற்கு யாரும் பயப்படவில்லை. யாரும் ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை.

பிறகு வட்டக்கச்சியிலிருந்து ஓர் ஐயா வந்தார். நெல் விதைக்கிறவர், மகனின் கலியாணப் பனருக்கு வந்தவர். கையில் மாப்பிள்ளையின் போட்டோவை வைத்துக்கொண்டு என் படத்தையே நெடுநேரம் பார்த்தார். வந்துவிட்டான் என் ஆள் என்று சிவா அண்ணையைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐயா கிட்டே வந்து நீலப் பட்டையை விரலால் தொட்டார். "நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. ஆனா வாய்க்காலைப் பள்ளத்தில விட்டிருக்கிறீர். வயலுக்குத் தண்ணி எப்பிடி ஏறும்?"

நானாவின் போட்

ஐயா போனதும் நீலப் பட்டையைத் தூக்கி மேலே வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, படம் பத்து மடங்கு நல்லாகிவிட்டது. எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த கிழமை ஒரு முஸ்லிம் நானா வந்தார். இடம்பெயர்ந்து போய் நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டு, திரும்பி வந்து முல்லைத்தீவில் புடவைக்கடை போடுகிறார்; அதற்கு ஒரு பெயர்ப் போட் வேண்டுமாம். "சேலை கட்டின பொம்பிளைப் படம், பூனை, மயில் ஒண்டும் வேணாம். உருவமே வேணாம் தங்கச்சி. வேற என்னவும் செய்யும்" என்றார். எனக்குப் பாயாசம் கிடைத்த மாதிரி. ஒரு சதுரத்துக்கு மேல் இன்னொரு சதுரத்தைச் சரித்து வைத்து, கத்தரிப்பூ நிறமும் எலுமிச்சை நிறமும் கொடுத்தேன். நானா பார்த்த உடனே தலையாட்டினார். போட் முல்லைத்தீவுக்குப் போய் ஏறியது.

வென்றுவிட்டேன் என்று சிவா அண்ணையின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதவான் தீர்ப்புச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "அவர் உருவம் வேணாம் எண்டவர். வட்டம் வேணும் எண்டு கேக்கேல்லை. இது கணக்கில வராது."

பிழையான ஆள்

பொங்கலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு பெண் வந்தா. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த திரேசா அக்கா. புருசன் கடற்றொழில். நானாவின் கடைப் போட்டை பஸ்ஸில் வரும்போது, எழுத்து வாசிக்க முதலே நிறத்தை வைத்துக் கண்டுபிடித்தாவாம். அதைக் கீறினது யார் என்று நானாவிடம் விசாரித்து எங்களிடம் வந்திருக்கிறா.

கதை இதுதான். அவர்களின் கரையில் படகுகள் எல்லாம் உதவியாகக் கிடைத்தவை, எல்லாம் ஒரே நீலம். நம்பர் கிட்டே வந்தால்தான் தெரியும். போன மாதம் காற்று அடித்த ஒரு விடிகாலமை, இவ கரையில் நின்று படகொன்றைக் கண்டு, அவர் வந்துவிட்டார் என்று வீட்டுக்குப் போய் உலை வைத்திருக்கிறா. அது வேறு ஆளின் படகு. இவவின் புருசனின் படகு இன்ஜின் பழுதாகி நிற்க, பிறகுதான் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்களாம். "ஒரு மணித்தியாலம் பிழையான ஆளுக்கு நிம்மதியா இருந்திருக்கிறன் பிள்ளை" என்று அவ சொன்னபோது நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சிவா அண்ணையும் நக்கலை விட்டுவிட்டு எழும்பி வந்தார்.

படகின் முன்பக்கம் ஒட்ட ஒரு ஸ்ரிக்கர். முகமும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம், தூரத்தில் தெரிய வேண்டும். மூன்று படத்தை நீலத் தாளில் அடித்து, சிவா அண்ணையிடம் கொடுத்து, வீதிக்கு அந்தப் பக்கம் நூறு மீற்றர் தள்ளி நிற்கச் சொன்னேன். நானும் திரேசா அக்காவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தோம். சிவப்பு, நீலத்துக்குள் கறுப்பாகப் போனது. பச்சை இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாவது, கறுப்புச் சதுரத்துக்குள் மஞ்சள் வட்டம். அதை அவர் தலைக்கு மேல் தூக்க, யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று மறிக்கிறார் என்று நினைத்து நின்றேவிட்டது. அண்ணை கையை ஆட்டி ஆட்டி அதை அனுப்பினார். பஸ் விலகியதும் மஞ்சள் அப்படியே நின்றது.

திரேசா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. "அதுதான். எனக்கு அதுதான் வேணும்."

முன்போட்

பொங்கலுக்கு முதல்நாள் கடைக்குப் போன் வந்தது. சிவா அண்ணைதான் எடுத்தார். கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். திரேசா அக்கா. பின்னால் கடல் இரைகிற சத்தம்.

"காலமை கடல் குழப்பம் பிள்ளை. ஆளும் தெரியேல்லை, நம்பரும் தெரியேல்லை, மஞ்சள் தெரிஞ்சுது. போய் உலை வைச்சிட்டன், இந்த முறை சரியான ஆளுக்கு."

எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரையிலிருந்து மட்டும் ஏழு படகுக்கு வந்து கேட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வடிவம், வேறு நிறம். மஞ்சள் வட்டம் திரேசா அக்காவுக்கு மட்டும். எங்கள் கடையின் முன்போட்டை என் விருப்பத்துக்கே கீறினேன்: பச்சையும் மண்ணிறமும், மேலே நீல வாய்க்கால், தண்ணீர் ஒழுங்காக இறங்குகிற மாதிரி. போட் ஏறிய அன்று சிவா அண்ணை வீதியின் அந்தப் பக்கம் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வடிவாத்தான் இருக்கு. அந்த மூலையில என்ர முகத்தையும் ஒருக்கா வைச்சுப் பாப்பமே?"

வைத்தேன், தீப்பெட்டி அளவில். இந்தப் பத்து வருடத்தில் நான் பெருப்பிக்காமல் விட்ட ஒரே முகம் அதுதான்.