கொதித்தாறிய தண்ணீர்

என் அத்தான் எங்கே போனாலும் கூடவே ஒரு போத்தல் தண்ணீரும் போகும். அக்கா காய்ச்சி, ஆறவைத்து, மூடியை இறுக்கிக் கையில் கொடுப்பாள். தன் சிறுநீரகம் ஒன்றையும் அவள்தான் அவருக்குக் கொடுத்திருந்தாள். அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவர் தினமும் மருந்துக் குளிசை போடவேண்டும். அந்தக் குளிசை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் சின்னக் கிருமிகூட அவருக்குப் பெரிய ஆபத்து. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தப் போத்தலுக்குப் 'பால்போத்தல்' என்று பேர் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். மிச்சப் பாடத்தைத் தொலைக்காட்சிதான் நடத்தியது. காட்டில் தனியாகத் தப்பிப் பிழைக்கும் ஒருவனின் நிகழ்ச்சியை நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் அத்தானும் சோபாவில் கிடந்து பார்ப்போம். அவன் ஓடையில் அள்ளிக் குடித்துவிட்டு, கல்லில் மோதி ஓடுகிற தண்ணீர் தானாகவே சுத்தமாகிவிடும் என்பான். செய்து பார்க்காதீர்கள் என்று தொடக்கத்தில் வரும் எழுத்தை நான் ஓட்டிவிடுவேன்.

போன கோடையில், சந்தை மரக்கறிக் கடை வேலைக்கு அத்தான் இரண்டு நாள் லீவு போட்டார். வடக்கே மலைப்பக்கம் கூடாரம் அடித்தோம். நடந்து களைத்த இடத்தில் ஒரு ஓடை. அத்தானின் போத்தல் தண்ணீர் வெயிலில் சூடேறிப்போயிருந்தது.

"அத்தான், பால்போத்தலை வையுங்கோ. இஞ்ச ஐஸ் மாதிரித் தண்ணி ஓடுது."

"வேண்டாமடா. கொக்கா அறிஞ்சா தோலை உரிப்பா."

"அக்கா இஞ்ச எங்க? டிவியில அவன் குடிச்சிட்டு உயிரோடதானே திரியிறான்?"

"அவன்ரை உடம்பு வேறை."

"அத்தான் தண்ணிக்குப் பயம் எண்டு சந்தையில சொல்லட்டோ?"

அவர் சிரித்தார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். நானும் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று அக்கா கேட்டாள்.

"கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை. நாளைக்குச் சரிவரும்" என்றார், என்னைப் பார்க்காமல். வாய் ஓயாத நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

நான்கு நாள் அப்படியே போனது. போட்ட குளிசையும் உடம்பில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். அக்கா கொடுத்த சிறுநீரகம் நின்றுபோனது.

வார்ட்டுக்கு வெளியே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன்.

"போத்தல்ல தண்ணி முடிஞ்சு போச்சோடா?"

"இல்லை அக்கா. பாதி இருந்தது."

அவள் திரும்பி வார்ட்டுக்குள் போனாள்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். நான்தான் கூட்டிப் போகிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று கணக்கு. அக்கா இன்னமும் காய்ச்சி ஆறவைக்கிறாள். அளந்து, அதே போத்தலில், அடியில் கொஞ்சமாக ஊற்றித் தருகிறாள்.

"டேய், அந்தப் பால்போத்தலைத் தா" என்கிறார் அத்தான். நான் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்க்கிறார். நான் மூடியைத் திறந்து கொடுக்கிறேன்.