பூனையைத் தேடி வந்தவர்

லோத்குண்டாவில் நாங்கள் குடியேறிய வீட்டில் எங்களுக்கு முன்பு இருந்தவர் அந்த அம்மாள். அல்வாலுக்கு மாறிப் போயிருந்தார். அவருடைய பூனைக்குத்தான் புது வீடு பிடிக்கவில்லை. அடிக்கடி தப்பி வந்து எங்கள் மாடிப்படியில் படுத்துக்கொள்ளும்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் தேடி வருவார். உயரமானவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். சத்தம் கேட்டுப் பூனை ஓடிவிடக் கூடாதென்று வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். பிறகு அது கதறக் கதறக் கூடைக்குள் போட்டு மூடுவார்.

ஒருநாள் நான் பூனைக்குப் பால் வைக்கப் போனேன்.

“நக்கோ, வைக்காதீங்க. இங்க ஒண்ணும் கிடைக்காதுன்னாதான் அங்க பழகும்.”

“பாவமா இருக்கேம்மா.”

“ஹவ், எனக்கும்தான். நடுவுல அந்தப் பெரிய ரோடு இருக்கே. அடிபட்டுச்சுன்னா?”

கொஞ்ச நாளில் பூனை வருவது நின்றது. அவரும் வரவில்லை. பிறகு அல்வால் மார்க்கெட்டில் பார்த்தபோது விசாரித்தேன்.

“நல்லாப் பழகிடுச்சுங்க. பசங்க மடியிலதான் தூக்கம். என்னைக் கண்டா மட்டும் கட்டிலுக்கு அடியில ஓடிடுது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு குனிந்து, அதற்காகச் சின்ன மீன்களாகப் பொறுக்கத் தொடங்கினார்.

பூனையைப் பிடித்து அடைக்கும் வேலையை நானாவது செய்திருக்கலாம். அதன் கோபம் என்னோடு போயிருக்கும்.